சக்கர வீட்டுக்குச் சொந்த மனை

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், பாயின்டன் பீச்சை ஒட்டி, பிரைனி பிரீசஸ் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஸ்ட்ராபெரித் தோட்டம். வடக்கின் குளிருக்குத் தப்பி வந்தவர்கள் காருக்குப் பின்னால் இழுத்து வந்த டிரெய்லர்களை அங்கே நிறுத்திக்கொள்ள, தோட்டத்துக்குச் சொந்தக்காரரான மில்லர் குடும்பம் இடம் கொடுத்தது. 1958இல் அந்த நிலம் விலைக்கு வந்தபோது, வாடகைக்கு இருந்தவர்களே கூடிப் பணம் போட்டு 15 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார்கள். 1963இல் அது தனி ஊராகவே பதிவாயிற்று. இன்று அங்கே 488 வீட்டு மனைகள். ஒரு முறை கட்டுமான நிறுவனம் ஒன்று ஊரை அப்படியே 51 கோடி டாலருக்குக் கேட்டது. கணக்குப் போட்டால் சராசரியாக ஒரு மனைக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். 2007இல் பங்குதாரர்கள் வாக்களித்தார்கள்; பெரும்பான்மை "சரி" என்றது. அந்த ஆண்டே பேரம் முறிந்துபோனதால்தான் ஊர் பிழைத்தது.

அந்த வாக்கெடுப்பில் "வேண்டாம்" என்றவர்களும் இருந்தார்கள். பேரம் நடந்திருந்தால் அவர்களும் மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது கூட்டுறவு நிறுவனத்தின் பங்கு மட்டுமே. மனைப் பத்திரம் கிடையாது. நிலம் நிறுவனத்துடையது, நிறுவனம் பெரும்பான்மையின் சொல்லைக் கேட்கும்.

எதிர்க்கரையில், ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில், ரெட் கோகனட் என்ற ஆர்.வி. பூங்கா இருந்தது. அங்கே தங்கியவர்களுக்குப் பங்குகூட இல்லை, வாடகைதான். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி அந்தக் கடற்கரையைத் துடைத்துப் போட்டது. மறு ஆண்டு அந்த நிலம் 5.2 கோடி டாலருக்கு ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கைமாறியது. வருடந்தோறும் அதே இடத்தில் வண்டி நிறுத்திப் பழகியவர்களுக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லவும் உரிமை இல்லை.

இந்த இரண்டு கதைகளையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. டாலஸிலும் தம்பாவிலும் அட்லாண்டாவிலும் இருக்கும் நம்மவர்கள், நீண்ட வார இறுதிக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று தேசியப் பூங்காக்களைச் சுற்றிய பிறகு, "நமக்கென்று ஓர் இடம் இருந்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். டொராண்டோவின் பனிக்கு அஞ்சி ஃபுளோரிடா வரும் ஓய்வுபெற்ற தமிழர்களிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. விற்பனை அலுவலகத்தில் எல்லா வகை ஏற்பாட்டுக்கும் "சொந்தம்" என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கு அங்கே போகிறது.

கையில் வருவது எந்தத் தாள்?

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி. தானே ஓடும் மோட்டார்ஹோமும் உண்டு, பிக்கப் வண்டி இழுக்கும் டிரெய்லரும் உண்டு. ரிசார்ட்டில் அதை நிறுத்த ஒரு கான்கிரீட் தளம், பக்கத்தில் மின்கம்பப் பெட்டி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் இருக்கும். நீச்சல் குளமும் மன்றமும் பொது. நாம் வாங்குவதாக நினைப்பது அந்தக் கான்கிரீட் தளத்தையும் அதைச் சுற்றிய புல்லையும்.

மிகத் தெளிவான வகை, தனி மனையாகப் பத்திரம் பதிவாவது. கவுன்டி அலுவலகத்தில் உங்கள் பெயர் ஏறும், சொத்து வரி உங்கள் பெயருக்கு வரும். இதிலும் பத்திரத்தின் வகையைப் பாருங்கள். 'வாரன்டி டீட்' என்பது நம்மூர்க் கிரயப் பத்திரம் போல, விற்பவர் உரிமைக்கு உறுதி கொடுப்பது. 'குவிட்க்ளெய்ம் டீட்' என்பது விடுதலைப் பத்திரம் போல, "எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்கு விட்டுக் கொடுக்கிறேன்" என்பதோடு சரி. உரிமை இருக்கிறது என்று அது சொல்லாது. நம்மூரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்போமே, அந்த வேலையை இங்கே டைட்டில் நிறுவனம் செய்கிறது. டைட்டில் இன்சூரன்ஸுக்கும் நில அளவைக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பக்கத்து மனைக்காரர் போட்ட மரத்தளம் உங்கள் எல்லைக்குள் மூன்று அடி வந்திருப்பது அளந்தால்தான் தெரியும்.

அடுத்தது காண்டோமினியம். இந்தச் சொல்லைக் கேட்டதும் அடுக்குமாடிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு மனையையே 'யூனிட்' என்று அறிவித்து, குளம், சாலை, மன்றம் ஆகியவற்றில் ஆளுக்கொரு பங்கு எழுதும் ஆர்.வி. காண்டோக்கள் ஃபுளோரிடாவில் பல உண்டு. இதற்கும் பத்திரம் உண்டு. மாநிலச் சட்டத்தின் 718ஆம் அத்தியாயம் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. பிரைனி பிரீசஸ் போன்ற கூட்டுறவு மூன்றாவது வகை. அதற்கு 719ஆம் அத்தியாயம். சாதாரண மனையோடு உரிமையாளர் சங்கம் சேர்ந்தது என்றால் 720. வாங்கப் போகும் இடம் இந்த மூன்றில் எதற்குள் வருகிறது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை என்றால், அங்கிருந்து ஒரு வழக்கறிஞரிடம் போவதற்கு அதுவே போதிய காரணம்.

நான்காவது வகையில் நிலமே கிடையாது. உறுப்பினர் கட்டணம் கட்டி, பல பூங்காக்களில் ஆண்டுக்கு இத்தனை நாள் தங்கும் உரிமை பெறுவது. தவுசண்ட் டிரெயில்ஸ் இந்த வகைக்கு நாடறிந்த பெயர். நிறையச் சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் அதைச் சொத்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். விற்கப் போனால் வாங்க ஆளிருக்காது, ஆண்டுக் கட்டணம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தத் தவிப்பை மோப்பம் பிடித்தே ஒரு கூட்டம் தொலைபேசியில் வரும்: "உங்கள் உறுப்பினர் உரிமைக்கு ஆள் தயார், முதலில் ஆயிரம் டாலர் செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்" என்று. விற்றுத் தருவதற்கு முன்பணம் கேட்கும் யாரையும் நம்பாதீர்கள். மத்திய வணிக ஆணையம் பல ஆண்டுகளாக எச்சரித்து வரும் மோசடி இது.

விதிப்புத்தகம்

மனையின் படத்தை நூறு முறை பார்ப்பவர்கள் 'டிக்ளரேஷன்' என்ற ஆவணத்தை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. எழுபது, எண்பது பக்கம் இருக்கும். வாசிக்கச் சலிப்பூட்டும். ஆனால் அந்த மனையில் நீங்கள் எப்படி வாழலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

பத்து ஆண்டுக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடுவதில்லை என்ற விதி பல ரிசார்ட்டுகளில் உண்டு. ஏழு வயதான வண்டியோடு மனை வாங்குகிறவர், மூன்று ஆண்டில் புது வண்டிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கலாம். கொட்டகை போடலாமா, மரத்தளம் அமைக்கலாமா, 400 சதுர அடி 'பார்க் மாடல்' வீடு வைக்கலாமா, ஆண்டு முழுவதும் தங்கலாமா, வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அதில் விடை இருக்கும். வாடகை வருமானத்தை நம்பி வாங்குகிறவர்கள், அலுவலகம் எத்தனை விழுக்காடு எடுத்துக்கொள்ளும் என்பதோடு, ஃபுளோரிடாவில் ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகைக்கு மாநில விற்பனை வரியும் பெரும்பாலான கவுன்டிகளில் சுற்றுலா வரியும் உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான பக்கம் ஒன்று உண்டு. அது '55 பிளஸ்' என்று பலகை வைத்த இடங்களைப் பற்றியது. 1995ஆம் ஆண்டின் முதியோர் குடியிருப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மனைகளில் 80 விழுக்காட்டிலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருந்தால், அந்த இடம் குழந்தைகள் உள்ள குடும்பங்களை மறுக்கலாம். இதுபோன்ற சில விலக்குகளைத் தவிர, அப்படி மறுப்பதை 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடுக்கிறது. அத்தகைய இடத்தில் தாத்தா பாட்டி மனை வாங்கினால், பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கு எத்தனை நாள் வந்து தங்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் இங்கேதான் என்று கனவு கண்டு வாங்கியவர்கள், இரண்டு வாரத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கக்கூடும். வாங்குமுன் அந்த ஒரு விதியை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள்.

மாதக் கட்டணத்தைப் பற்றி விற்பனையாளர் சொல்வார். கேட்க வேண்டியது வேறு: கையிருப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது? சாலை மறுபடி போட, கழிவுநீர்க் குழாய் மாற்ற, குளத்தைப் பழுதுபார்க்க ஒரு நாள் பணம் வேண்டும். நிதியில் இல்லையென்றால் 'சிறப்பு வசூல்' என்று ஒவ்வொரு மனைமீதும் விழும். 2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே சர்ஃப்சைடில் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்கான பெருந்தொகையைப் பற்றி உரிமையாளர்களுக்குள் வாக்குவாதம் நீண்டுகொண்டிருந்த கட்டடம் அது. அதன் பிறகு ஃபுளோரிடா கொண்டுவந்த கடுமையான கையிருப்பு விதிகள் மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கானவை; ஆர்.வி. மனைகளைத் தொடுவதில்லை. அதனாலேயே இங்கே நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் வரவு செலவு அறிக்கையும் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளும் கேளுங்கள். "குழாய் வெடிப்பு" என்ற சொல் கூட்டந்தோறும் வருகிறதென்றால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று சிலர் அலட்சியமாகக் கேட்கிறார்கள். சங்கம் மனையின் மேல் பற்றுரிமை பதிவு செய்யும், பிறகு நீதிமன்றம் வழியாக ஏலத்துக்கும் கொண்டுவரலாம். மனைக்கடன் முழுவதும் அடைத்தவராக இருந்தாலும் மனை போகும்.

மனம் மாற எத்தனை நாள்?

எந்த ஒப்பந்தத்தையும் மூன்று நாளில் ரத்து செய்துவிடலாம் என்று அமெரிக்காவில் பலர் நம்புகிறார்கள். தவறு. மத்திய வணிக ஆணையத்தின் அந்த மூன்று நாள் விதி வீடு தேடி வந்து விற்பது போன்றவற்றுக்கானது, நிலத்துக்குப் பொருந்தாது. நிலத்துக்குத் தனித்தனி விதிகள் இருக்கின்றன. ஃபுளோரிடாவில் காண்டோவையோ கூட்டுறவுப் பங்கையோ கட்டியவரிடமிருந்தே நேரடியாக வாங்கினால் ரத்து செய்ய 15 நாள் உண்டு. கையெழுத்திட்ட நாள், ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து கணக்கு. முன்னைய உரிமையாளரிடமிருந்து வாங்கினால் அவகாசம் இதைவிடக் குறைவு. ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். சாதாரண மனையும் சங்கமும் என்றால், சட்டம் கேட்கும் தகவல் தாளை முன்கூட்டியே கொடுக்காதிருந்தால் மட்டும், அது கைக்கு வந்தபின் மூன்று நாள்.

மத்தியச் சட்டம் ஒன்றும் உண்டு. 1968இல் வந்த மாநிலங்களுக்கிடையிலான நில விற்பனைச் சட்டம், பெரிய மனைப்பிரிவுகளில் வாங்குகிறவருக்கு ஏழு நாள் கொடுக்கிறது. பதிவு தேவைப்படும் இடத்தில் சொத்து அறிக்கையை விற்பவர் கொடுக்கவே இல்லை என்றால் இரண்டு ஆண்டுவரை ரத்து செய்யலாம். விதிவிலக்குகள் நிறைய உள்ள சட்டம் இது. உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். எந்த விதியானாலும் தொலைபேசியில் "வேண்டாம்" என்று சொல்வது போதாது. எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கனடாவிலிருந்து வந்து வாங்குவோருக்கு ஒரு சொல். விற்கும்போது வரிக்கணக்கில் நீங்கள் வெளிநாட்டவராக இருந்தால், விலையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து அமெரிக்க வருவாய்த் துறைக்கு அனுப்பிவிடுவார். விலை மூன்று லட்சம் டாலருக்குள் இருந்து, வாங்குபவர் தான் குடியிருக்க வாங்கினால் விலக்கு உண்டு. பிடித்த பணம் தொலைந்துவிடாது, கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் விற்ற பணத்தை நம்பி மறுநாளே ஊரில் இன்னொன்றுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் தவித்துப்போவார்கள்.

தண்ணீரும் காற்றும்

சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஃபுளோரிடாவின் பல கவுன்டிகளில், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும், ஆர்.வி.யிலும் மொபைல் வீட்டிலும் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். மனை சொந்தம் என்றதும் சக்கரத்தைக் கழற்றி, பக்கவாட்டில் பலகை அடித்து, வீடாகவே ஆக்கிவிடுகிறார்கள். வெள்ளப் பகுதியில் இது சட்டச் சிக்கலும் கூட. தொடர்ந்து 180 நாளுக்குள் மட்டும் நிற்பதாகவோ, உரிமப் பதிவோடு சாலையில் கிளம்பத் தயாராகவோ இருக்கும்வரைதான் ஆர்.வி.க்கு வெள்ள உயர விதிகளிலிருந்து விலக்கு. அதை இழந்தால் நிரந்தர வீட்டைப் போல உயர்த்தி நிறுத்தச் சொல்லலாம்.

சங்கத்தின் காப்பீடு மன்றத்துக்கும் குளத்துக்கும்தான். உங்கள் வண்டி, கொட்டகை, மரத்தளம் மூன்றும் உங்கள் பொறுப்பு. காப்பீடு எடுக்கும்போது 'லாஸ் அசெஸ்மென்ட்' என்ற பிரிவைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுச் சொத்துச் சேதத்துக்காகச் சங்கம் உங்கள் தலையில் வைக்கும் வசூலில் ஒரு பகுதியை அது ஏற்கும்.

சொந்த மனை என்றால் மின் இணைப்பும் உங்கள் பொறுப்பாகலாம். 30 ஆம்ப் ஆர்.வி. இணைப்பு 120 வோல்ட் மட்டுமே. வீட்டு வேலை மட்டும் தெரிந்த மின்பணியாளர் அந்த மூன்று துளைச் செருகியைப் பார்த்துவிட்டு, துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 வோல்ட்டை இணைத்துவிடுவதுண்டு. வண்டியைச் செருகிய நொடியில் குளிர்சாதனம், மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் கருகும். ஆர்.வி. இணைப்பு செய்து பழகிய, உரிமம் பெற்றவரையே கூப்பிடுங்கள். மின்காப்புக் கருவியைச் செருகி அளவு பார்த்த பிறகே வண்டியை இணையுங்கள்.

பத்தடிக்கு அப்பால் ஒரு தூக்கம்

ஆர்.வி. ரிசார்ட்டில் உங்கள் ஜன்னலுக்கும் பக்கத்து வண்டியின் படுக்கைக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். சுவர் என்பது மெல்லிய பலகையும் பஞ்சும். ஊரில் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கம் புரியும். இரவு பத்து முதல் காலை ஆறு அல்லது ஏழு மணிவரை அமைதி நேரம் என்பது ஏறக்குறைய எங்கும் உள்ள விதி. நாம் கூட்டமாகப் போகிறவர்கள். நான்கு குடும்பம் சேர்ந்தால் பேச்சும் சிரிப்பும் அந்தாக்ஷரியும் நள்ளிரவைத் தாண்டும். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து வண்டியில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த பெரியவர் படுத்திருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே இடத்தைப் பிடிப்பதும் வேண்டாம். யோசெமிட்டியில் ஓர் இடத்துக்கு ஆறு பேர், கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் எட்டுப் பேர் என்பது வரம்பு. குழு முகாம் இடங்கள் தனியாக உண்டு; முன்பதிவு செய்யலாம்.

ஜெனரேட்டர் சத்தத்தைவிட அதன் புகை ஆபத்தானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்று திரும்பினால் பக்கத்து வண்டியின் ஜன்னல் வழியே உள்ளே போகும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். யோசெமிட்டி முகாம்களில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அதை ஓட்டலாம். உங்கள் ரிசார்ட்டில் நேர விதி இல்லாவிட்டாலும் இந்த நேரங்களையே கடைப்பிடிக்கலாம். உங்கள் வண்டியிலும் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கழிவுநீர் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். வண்டிக்குள் இரண்டு தொட்டி. கழிப்பறைக் கழிவுக்கு 'பிளாக் டேங்க்', குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர 'கிரே டேங்க்'. ரிசார்ட்டில் குழாய் எப்போதும் இணைந்தே இருக்கிறதே என்று பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்தால், நீர் ஓடிப்போய் திடக் கழிவு உள்ளேயே மலையாகக் குவியும். மூடி வைத்து, முக்கால்வாசி நிரம்பியதும் திறந்து, அதன் பிறகு கிரே டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிடும். "வெறும் பாத்திரத் தண்ணீர்தானே" என்று கிரே நீரைப் புல்லில் விடுவது பெரும்பாலான இடங்களில் குற்றம். வறுத்த எண்ணெயைத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், மண்ணிலும் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் பழைய டப்பாவில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். குடிநீர்க் குழாயடியில் குக்கரையும் தட்டையும் கழுவுவது நமக்குச் சாதாரணம். அடுத்து அங்கே தண்ணீர் பிடிக்க வருகிறவருக்கு அது குமட்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த நாற்றம்போக்கியும் வேண்டாம். செப்டிக் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்தப் பழுதுச் செலவு சிறப்பு வசூலாக உங்கள் வாசலுக்கே வரும்.

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை இங்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்ல எனக்கே வருத்தம்தான். தேசியப் பூங்காக்களில் எந்தக் காட்டு உயிருக்கும் உணவளிக்கக் கூடாது. ஃபுளோரிடாவில் முதலை, கரடி, ரக்கூன், சாண்ட்ஹில் கொக்கு ஆகியவற்றுக்கு உணவு வைப்பது சட்டப்படி குற்றம். மனிதர் கைச்சோற்றுக்குப் பழகிய கரடியும் முதலையும் பெரும்பாலும் கொன்றுதான் அகற்றப்படுகின்றன.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு துளைப்பான் வண்டு கோடிக்கணக்கான சாம்பல் மரங்களைக் கொன்றிருக்கிறது. அது புதிய காடுகளுக்குப் பெரும்பாலும் முகாம் விறகில் ஏறித்தான் போனது. எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள். 2014இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டியில் தென்பட்ட புள்ளி விளக்குப்பூச்சிக்கு விறகுகூட வேண்டாம். சேறு அப்பியது போன்ற முட்டைத் திட்டை வண்டியின் மேலேயே இட்டுவிடும். கிழக்கு மாநிலங்களிலிருந்து தெற்கே கிளம்புமுன் சக்கர இடுக்கு, படிக்கட்டின் அடி, சுருட்டிய வெய்யில்துணி எல்லாவற்றையும் பார்த்துச் சுரண்டி எடுங்கள். முகாம் நெருப்பை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அது இன்னும் அணையவில்லை.

தகராறு வந்தால்

பக்கத்து மனைக்காரரின் நாய் இரவெல்லாம் குரைக்கிறது, அல்லது அவருடைய விளக்கு உங்கள் படுக்கையில் அடிக்கிறது. முதலில் நேரில் போங்கள், பகலில், தனியாக. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்காது. மற்றவர் மனைக்குள் குறுக்கே நடந்து போவது இங்கே மரியாதைக் குறைவு. சாலை வழியாகச் சுற்றிப் போய்க் கூப்பிடுங்கள். தீரவில்லையென்றால் தேதியும் நேரமும் குறித்து அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லுக்குக் கோப்பு இல்லை.

சங்கமே உங்கள் மேல் பாய்ந்தால் நிலைமை வேறு. ஃபுளோரிடாவில் காண்டோ சங்கம் அபராதம் போடுமுன் 14 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து, நிர்வாகக் குழுவில் இல்லாத உரிமையாளர்கள் அடங்கிய குழுவின் முன் உங்கள் தரப்பைச் சொல்ல விட வேண்டும். அந்தக் குழு ஒப்பாவிட்டால் அபராதம் இல்லை. மீறலுக்கு 100 டாலர், தொடர்ந்தால் நாளுக்கு 100 வீதம் மொத்தம் 1000 டாலர் என்பது உச்சவரம்பு. கணக்குகளைப் பார்க்க எழுதிக் கேட்டால் பத்து வேலைநாளுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாளுக்கு 50 டாலர் வீதம் பத்து நாள்வரை இழப்பீடு கேட்கலாம். மாநிலத்தின் வணிக, தொழில் ஒழுங்குமுறைத் துறையில் புகார் செய்யலாம். காண்டோக்களுக்கென்று குறைதீர்ப்பாளர் ஒருவரும் அங்கே இருக்கிறார்.

வாடகைக்குத் தங்குகிறவர்களின் நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஒரே பூங்காவில் ஒன்பது மாதம் தங்கியவர் 'குடியிருப்பாளர்' ஆகிவிடுகிறார். காரணமில்லாமல் வெளியேற்றுவது கடினம். அந்த நிலையை எட்டவிடாமல் தடுக்கத்தான் சில பூங்காக்கள் முப்பது நாளாவதற்கு முன்பே "இடத்தைக் காலி செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள்" என்று சொல்லிவந்தன. அரிசோனாவில் 180 நாளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஃபுளோரிடாவில் ஆறு மாதத்துக்குள் தங்கும் விருந்தினரைப் பூங்கா மிக எளிதாக வெளியேற்றலாம். அப்படி வாடகைக்கு எடுத்த நிலத்தில் மரத்தளத்தையும் கொட்டகையையும் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. "அந்த மனை போய்விட்டது" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, மறுநாள் வேறொருவருக்கு அதே மனையைக் காட்டினால், அது உங்கள் நிறத்தையோ பிறந்த நாட்டையோ மதத்தையோ பார்த்துச் செய்த மறுப்பாக இருக்கலாம். நம்மவர்கள் இதை முணுமுணுத்துவிட்டு விலகிவிடுகிறார்கள். நிறம் பார்த்துச் சொத்து விற்க மறுப்பதை 1866இன் குடிமை உரிமைச் சட்டமே தடுத்தது. குடியிருக்கும் இடங்களுக்கு 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டமும், ஓரிரவு தங்கும் இடங்களுக்கு 1964இன் குடிமை உரிமைச் சட்டமும் இருக்கின்றன. வந்த மின்னஞ்சல், பேசிய தேதி, பேசியவரின் பதவி, விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் அன்றே சேமித்து வையுங்கள். வீட்டுவசதிச் சட்டப்படி மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையிடம் புகார் செய்ய, நடந்த நாளிலிருந்து ஓராண்டு. நீதிமன்றம் போக இரண்டாண்டு. புகார் செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, குடியுரிமையும் கேட்கப்படுவதில்லை.